குடிநீரில் ஈயம்: மீற்றரில் இருந்து குசினி டப் வரை பார்ப்பது எப்படி?

மட்டக்களப்புக்கு வருகிற பைப் தண்ணீர் உன்னிச்சைக் குளத்தில் எடுத்து, வவுணதீவில் சுத்திகரித்து அனுப்பப்படுகிறது. மீற்றரைத் தாண்டிய பிறகு இருக்கிற குழாய், தாங்கி, வால்வு, பித்தளை டப் எல்லாம் நம் பொறுப்பு. குடிநீரில் ஈயம் சேர்வது பெரும்பாலும் இப்படியான குழாய்களிலும் பொருத்திகளிலும் இருந்துதான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் தெரியாது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். அதனால் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டார் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 1: குழாய் எது என்று பாருங்கள்

ஒரு காந்தமும் ஒரு நாணயமும் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதாவது துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. பைப். பழைய ஜீ.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சில் கொஞ்சம் ஈயமும் இருப்பதுண்டு. காந்தம் ஒட்டாமல், நாணயத்தால் சுரண்டியதும் இலகுவாகக் கீறுப்பட்டு வெள்ளியாக மின்னினால் அது ஈயமேதான். பித்தளையைக் கடைவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று அதில் ஈயம் சேர்ப்பார்கள். பழைய பி.வி.சி. குழாய்களிலும் ஈய உப்புகளைக் கலந்த காலம் ஒன்று இருந்தது.

படி 2: தண்ணீர் பிடிப்பது

எனக்கு இழுபட்ட இடம் இதுதான். சோதனைக்கு மாதிரித் தண்ணீர் எடுக்க வந்தவர் டப்பை முழுக்கத் திறந்து, நன்றாக ஓடவிட்ட பிறகுதான் போத்தலை நீட்டினார். கிருமி பார்க்க அதுதான் முறை. ஈயத்துக்கு நேர் எதிர். இரவு முழுக்கக் குழாய்க்குள் கிடந்த தண்ணீரில்தான் ஈயம் கரைந்திருக்கும். ஓடவிட்டால் அது வடிகாலோடு போய்விடும், அறிக்கையும் சுத்தமாக வரும்.

ஆகவே ஆறு மணித்தியாலமாவது வீட்டில் எந்த டப்பையும் திறக்கக் கூடாது. மலசலகூடத்துக்கும் வாளியில் முன்கூட்டியே பிடித்து வையுங்கள். காத்தான்குடிப் பக்கம் சுபஹுத் தொழுகைக்கு வுழு எடுக்கிற (கைகால் முகம் கழுவுகிற) வீடுகள் என்றால் அதற்கும் முன்னமே எழும்பிப் பிடிக்க வேண்டும். டப் நுனியில் உள்ள வலையைக் கழற்ற வேண்டாம். வழக்கமாகத் திறக்கிற மாதிரித் திறந்து, முதல் சொட்டில் இருந்தே ஒரு லீற்றர் போத்தலை நிரப்புங்கள். நாலைந்து லீற்றரை வேறு வாளியில் விட்டு, இரண்டாவது போத்தல். மேலே தாங்கி இருக்கிற வீட்டில் மூன்றாவதும் வேண்டும்: தாங்கிக்கு ஏறுமுன், மீற்றருக்குப் பக்கத்து டப்பில்.

போத்தல்களை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முதல் போத்தலில் மட்டும் ஈயம் என்றால் பெரும்பாலும் குற்றவாளி டப். இரண்டிலும் என்றால் தாங்கியில் இருந்து இறங்குகிற குழாயைப் பாருங்கள். மூன்றாவதிலும் இருந்தால் நீர் வழங்கல் சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள், அறிக்கையின் பிரதியோடு.

படி 3: அறிக்கையை வாசிப்பது

எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கையின் குடிநீர்த் தரத்தின்படி குடிநீரில் ஈயத்தின் உச்ச அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். அந்த ஆய்வுகூடத்தின் கருவி எவ்வளவு குறைந்த அளவு வரை காட்டும் என்று கேளுங்கள். 0.05 மில்லிகிராமுக்குக் கீழே காட்டாத கருவி என்றால் அந்தப் பதிலில் பயனே இல்லை. காசு கட்டுமுன் கேட்பது நல்லது.

படி 4: மாற்றுவது

முதலில் குசினி டப். நிறுத்து விற்கிற பெயரில்லாத பித்தளை டப் வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு நல்ல ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் டப்பைத்தான் நான் சொல்வேன். குழாய்க்கு எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள பி.வி.சி. போடுங்கள். ஜீ.ஐ. பைப்பை மாற்றினால் முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். பாதியை வெட்டி ஒட்டினால் மீதிப் பாதியின் துருச்செதில் ஆட்டத்தில் உதிர்ந்து வரும். வேலை முடிந்ததும் டப் நுனி வலையைக் கழற்றிப் பாருங்கள், பழுப்பும் சாம்பலுமாகத் துகள் அடைத்திருக்கும். அதைக் கழுவி, எல்லா டப்பையும் நன்றாக ஓடவிட்டு, பிறகு வலையை மாட்டுங்கள். சில வாரம் கழித்து முதல் போத்தல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கொதிக்க வைத்தால் போகுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஈயம் செறியும். மென்சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளுகிற ஆர்.ஓ. வடிகட்டி ஈயத்தை எடுக்கும். அது வாங்கும் வரை, காலையில் முதல் தண்ணீரைப் பூமரத்துக்கு விட்டு, அடுத்ததைக் குடிக்கவும் பால்மா கரைக்கவும் எடுங்கள்.

கல்லடியில் இருந்து ஒருவர், பைப் தண்ணீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரை அதே தாங்கிக்கு அடிக்கலாமா என்று கேட்டார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிணறுகள் வெயில் காலத்தில் உவர்க்கும். உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். அமெரிக்காவின் பிளின்ற் நகரில் 2014இல் நீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றியபோது நடந்ததும் இந்த வகைதான்: குளோரைட் கூடிய தண்ணீர், அரிப்பைத் தடுக்கும் பொஸ்பேற்றும் சேர்க்கவில்லை, பழைய ஈயக் குழாய்கள் கரைந்து வீடுகளுக்குள் வந்தன. கிணற்றுக்குத் தனித் தாங்கி வையுங்கள், குளிக்கவும் கழுவவும் மட்டும்.

இன்னொன்று. வீச்சுவலைக்கு ஈயக் குண்டு வார்க்கிற வீடுகளில் அதைக் குசினி அடுப்பில் உருக்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடாத வெளியிடத்தில், சமைக்காத சட்டியில் உருக்குங்கள். சாப்பிடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தப் புகையும் தூசும் டப்பில் இருந்து வருவதைவிடப் பல மடங்கு ஈயத்தை உடம்பில் சேர்த்துவிடக்கூடும்.