டாலர் குறி தின்ற கடவுச்சொல்: டெர்மினலில் கோப்புகளைப் பூட்டி அனுப்பும் முறை

அப்பாவின் வருமான வரிக் கணக்குக்காகப் பான் கார்டு, ஓய்வூதியச் சான்று, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படியே திறந்தபடி அனுப்ப மனம் வரவில்லை. உபுண்டு டெர்மினலில் ஐந்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் இழுத்துவிட்டது.

டெர்மினலைத் திறப்பதும் கோப்புறைக்குள் போவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தம்பிக்குத் தொலைபேசியில் கட்டளைகளைச் சொன்னபோது எழுத்து எழுத்தாகத்தான் சொன்னேன். இங்கும் ஆங்கில எழுத்துகளின் ஒலியையே தமிழில் தருகிறேன். தட்டச்சும்போது அந்தந்த ஆங்கிலச் சிறிய எழுத்தை இடுங்கள். கட்டளைகளில் 'பி' என்றால் பாஸ்வேர்டின் முதல் எழுத்து, 'டி' என்றால் டெஸ்டின் முதல் எழுத்து. கோப்புறையின் பெயர் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸ் முகம் சுளிக்காது.

எந்தக் கருவி?

பலர் முதலில் எடுப்பது ஜிப். 'ஜிப் -இஆர்' என்று கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும், பூட்டும். ஆனால் அந்தப் பூட்டு பழையது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் சிறு பகுதி தெரிந்தாலே அதை உடைக்கலாம் என்று மறையாக்க ஆய்வாளர்கள் எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். நான் அதைத் தொடுவதில்லை.

என் தேர்வு செவன்-ஜிப். இகோர் பாவ்லோவ் எழுதியது, இலவசம். ஏஇஎஸ்-256 என்ற வலுவான மறையாக்க முறையில் பூட்டுகிறது. கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்க ஒவ்வொரு முறையும் 5,24,288 சுற்று கணக்குப் போடுகிறது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிறவனுக்கு அது பெரும் தலைவலி.

நிறுவ:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பி7ஜிப்-ஃபுல்

பூட்டுதல்

7இசட் ஏ -பி -எம்எச்இ=ஆன் வரி.7இசட் அப்பா

'ஏ' என்றால் சேர். '-பி' என்றால் கடவுச்சொல் கேள். 'ஆன்' என்பது ஓ, என் ஆகிய இரண்டு எழுத்துகள். 'வரி.7இசட்' உருவாகப்போகும் பொதி, 'அப்பா' பூட்ட வேண்டிய கோப்புறை. என்டர் தட்டியதும் கடவுச்சொல்லை இருமுறை கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயப்படாமல் தட்டி முடியுங்கள்.

'-எம்எச்இ=ஆன்' எதற்கு? அது இல்லாமல் ஒரு பொதி செய்து, '7இசட் எல் வரி.7இசட்' என்று பட்டியல் கேட்டுப் பாருங்கள். கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே இருக்கும் பெயர்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். என் பொதியில் ஒரு கோப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு எண் இருந்தது! பீரோவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருக்கும் நகைப் பட்டியலைக் கதவில் ஒட்டிய கதை. செவன்-ஜிப் செய்யும் ஜிப் வகைப் பொதியில் பெயர்களை இப்படி மறைக்க வழியில்லை.

நான் விழுந்த இடம்

மேலே உள்ள கட்டளையில் '-பி'க்குப் பின் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதல் நாள் நான் அப்படிச் செய்யவில்லை. கடவுச்சொல்லையும் அங்கேயே, இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டி எழுதினேன்: -பி"மூங்கில்$500". மூங்கில் என்ற சொல் ஆங்கில எழுத்தில், பிறகு டாலர் குறி, பிறகு ஐந்நூறு.

பொதி உருவானது. அதே கட்டளை முறையில் சோதித்தேன், திறந்தது. அனுப்பினேன். மறுநாள் ஆடிட்டர் அழைத்தார்: "தம்பி, கடவுச்சொல் தப்பு என்கிறதே." எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மறுபடியும் தப்பு. இங்கே திறக்கிறது, அங்கே திறக்கவில்லை. அவருடைய கணினியில்தான் கோளாறு என்று மனத்துக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

இரவு ஏதோ தோன்றி, கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் 'எக்கோ' கட்டளையோடு அதே மேற்கோள் வரியைக் கொடுத்தேன். திரையில் வந்தது: மூங்கில்00.

இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியைக் கண்டால், டெர்மினலில் நாம் தட்டுவதைப் படித்து இயக்கும் பாஷ் என்ற நிரல் அதை ஒரு மாறியின் (மதிப்பு வைக்கும் பெயரின்) தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. $5 என்பது ஐந்தாவது மாறி. அதில் எதுவும் இல்லை. ஆகவே அதை வெறுமையாக்கிவிட்டு, மூங்கிலோடு மிச்சமிருந்த இரண்டு சுழியங்களை மட்டும் சேர்த்துச் செவன்-ஜிப்பிடம் கொடுத்துவிட்டது. நான் சோதித்தபோதும் அதே திருட்டு நடந்ததால் எனக்கு மட்டும் திறந்தது. ஆடிட்டரோ நான் சொன்னதை நேர்மையாகத் தட்டியிருக்கிறார்.

ஒற்றை மேற்கோள் போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனாலும் கடவுச்சொல் பாஷின் கட்டளை வரலாற்றுக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேல் அம்பு விசையைத் தட்டுகிற யாருக்கும் அது தெரியும். அதனால்தான் வெறும் '-பி'. கேட்கட்டும், சொல்வோம்.

சோதித்தல்

7இசட் டி வரி.7இசட்

'டி' சோதனைக்கு. கடவுச்சொல்லைக் கையால் தட்டிச் சோதியுங்கள், கட்டளையில் எழுதி அல்ல. பிறகு பொதியை மின்னஞ்சலிலும் கடவுச்சொல்லைத் தொலைபேசியிலும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால் பூட்டியதே வீண்.

பின்சேர்க்கை 1: '-பி'க்கும் கடவுச்சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்ட ஒரு வாசகி எழுதியிருந்தார். இடைவெளி வந்தால் அடுத்த சொல்லைப் பொதியின் பெயராகக் கருவி எடுத்துக்கொள்கிறது. கடவுச்சொல்லே கோப்பின் பெயராகிவிட்டது! "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற எச்சரிக்கையும் திரையில் வந்ததாம், அவர் கவனிக்கவில்லை. நல்லவேளை, அனுப்பும் முன் பெயரைப் பார்த்துவிட்டார்.

பின்சேர்க்கை 2: பெறுபவர் ஜிப் தவிர வேறு வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். '-எம்எச்இ=ஆன்' இருந்த இடத்தில் '-டிஜிப் -எம்இஎம்=ஏஇஎஸ்256' என்று இட்டு, பொதியின் பெயரை ஜிப் என்று முடியுங்கள். இந்தக் கட்டளையில் ஏஇஎஸ் மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. பெயர்கள் வெளியே தெரியும். அதனால் 'அ1', 'அ2' என்று மாற்றிவிட்டுப் பூட்டுங்கள். விண்டோஸில் தானாக இருக்கும் ஜிப் வசதியை நம்ப வேண்டாம், அங்கும் செவன்-ஜிப்பை நிறுவச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 3: இதையே முழுக் கணினிக்கும் காப்புநகல் எடுக்கப் பயன்படுத்தலாமா? நேரடியாக வேண்டாம். லினக்ஸில் கோப்பு யாருடையது, எந்தக் குழுவுடையது என்ற விவரத்தை 7இசட் வகைப் பொதி சேமிப்பதில்லை. முதலில் 'டார்' கொண்டு ஒரே கோப்பாகக் கட்டி, அந்தக் கோப்பைப் பூட்டுங்கள். பூட்டிச் சோதித்த பிறகு, திறந்து கிடக்கும் அந்த டார் கோப்பை அழிக்க மறக்காதீர்கள். நான் ஒரு மாதம் மறந்திருந்தேன்.