பழைய கம்மின்ஸ் 5.9 வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்

கம்மின்ஸ் ஒரு இன்ஜின் கம்பெனி; பல டாடா லாரிகளில் அதன் இன்ஜின்தான். பழைய டாடா லாரி பார்க்கப் போனால் புரோக்கர் வாயிலிருந்து முதலில் வருவது, "கம்மின்ஸ் வண்டிண்ணே, யோசிக்கவே வேணாம்." யோசிக்க வேண்டியது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கதவில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து இன்ஜினை முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1613 என்றால் ஏறத்தாழ 16 டன் வண்டி, 130 எச்.பி. அவ்வளவுதான். எந்த இன்ஜின் என்று அந்த எண் சொல்லாது. 1613-இல் டாடாவின் சொந்த 697-உம் வந்தது, கம்மின்ஸ் 6பிடி-யும் வந்தது. 697 என்பது 6 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் அகலம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் ஓடும் தூரம்) சேர்த்தால் 5,675 சிசி. 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கைகோத்த காலத்து வம்சம். 6பிடி வேறு குடும்பம்: 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், 5,883 சிசி, அதாவது தலைப்பில் உள்ள 5.9 லிட்டர். 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் செய்தது. சிசி பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றின் பிஸ்டன் மற்றதில் ஏறாது.

சரி, கம்மின்ஸ்தான் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை. 6பிடி-யில் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மட்டும். 6பிடிஏஏ-வில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர் ஆற்றி அனுப்பும். நடுவில் ஒரே ஒரு 'ஏ' போட்ட 6பிடிஏ-வும் உண்டு. அதில் காற்றை ஆற்றுவது இன்ஜின் தண்ணீர். அது பெரும்பாலும் ஜெனரேட்டர், படகு வகையறா. காற்று குளிர்ந்தால் அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று அடங்கும், அதிக டீசலைப் புகையில்லாமல் எரிக்கலாம். 180 எச்.பி. 2518-இல் இருந்தது 6பிடிஏஏ. அந்த எச்.பி.யை மனதில் வைத்துக்கொண்டு வெறும் 6பிடி-க்கு விலை பேசக்கூடாது.

எனக்கு விழுந்த அடி இதில்தான். ஒரு யார்டில் "லாரி இன்ஜின், குறைவா ஓடினது" என்று ஒரு 5.9-ஐக் காட்டினார்கள். பெயின்ட் புதுசு, விலையும் மலிவு. ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினோம். காலி வண்டியில் சமத்தாக ஓடியது. லோடு ஏற்றி தொப்பூர் மலைச்சாலை ஏறினால், 1,500 ஆர்.பி.எம். தாண்ட அதற்கு மனசே இல்லை. மெக்கானிக் இறங்கி, ஃபியூல் பம்ப் பக்கம் கியர் ஹவுசிங்கில் இருக்கும் தகட்டை டீசல் துணியால் துடைத்தார். பெயின்ட் கரைந்து எழுத்து தெரிந்தபோதுதான் புரிந்தது: ஜெனரேட்டர் இன்ஜின். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது நாளெல்லாம் 1,500-இலேயே நின்று ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் பம்பும் அதற்கென்றே அமைத்தவை. துணி என் கையிலும்தான் இருந்தது. வாங்குமுன் துடைக்கவில்லை.

அந்தத் தகட்டில் மாடல், இன்ஜின் எண், எச்.பி., எந்த ஆர்.பி.எம்.மில் என்பது, சிபிஎல் (பாகப் பட்டியல்) எண் எல்லாம் இருக்கும். சிபிஎல்தான் முக்கியம். அந்த இன்ஜினுக்கு எந்தப் பம்ப், எந்த பிஸ்டன், எந்த டர்போ என்பதை அதை வைத்துத்தான் டீலர் பார்ப்பார். மாடல் ஒன்று, சிபிஎல் வேறு என்றால் பாகங்களும் வேறாகலாம். தகடே இல்லை என்றால் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், அல்லது கிளம்பிவிடுங்கள்.

மைலேஜ் ஒப்பீட்டில் நடக்கும் கூத்து தனி. "அவன் வண்டி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடக் கொடுக்குது, அவன் இன்ஜின்தான் நல்லது" என்பார்கள். பின் அச்சு ஹவுசிங்குக்குள் என்ன கிரவுன் (41/6 மாதிரி, இரண்டு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை) என்று யாரும் கேட்பதில்லை. 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருளும். டாப் கியர் நேரடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கி.மீ.யில் 41/6 கிரவுன் வண்டியின் இன்ஜின் ஏறத்தாழ 2,130 ஆர்.பி.எம். சுற்றும், 41/7 என்றால் சுமார் 1,830. இன்ஜின் ஒன்றே, 300 சுற்று வித்தியாசம். நெடுஞ்சாலையில் இரண்டாவது டீசல் மிச்சம் பிடிக்கும், மலையில் முதலாவது சிரமமில்லாமல் ஏறும். எச்.பி.யை மட்டும் பார்ப்பதும் இதே மாதிரிதான். லோடு வண்டிக்கு இழுவை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு, டீசலைக் கூட்ட ஃபியூல் பம்பின் சீல் உடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1989 மாடலிலிருந்து டாட்ஜ் பிக்கப்பில் இதே 5.9 வந்தது. அங்கே டீசலைக் கூட்டி ஓட்டுகிறவர்கள் முழு பவரைக் கேட்பது சில நொடிகள், சில நிமிடங்கள். நம் வண்டி ஏற்றத்தில் அரைமணி நேரம் முழு ஆக்சிலரேட்டரில் இழுக்கும். வெளியேறும் புகையின் சூடு பிஸ்டனைத் தின்றுவிடும்.

பிந்தைய 6.7 எலக்ட்ரானிக் கம்மின்ஸோடு இதை ஒப்பிடுவதில் பயனில்லை. அதன் போர் 107, ஸ்ட்ரோக் 124. பம்ப் முதல் வயரிங் வரை எல்லாமே வேறு. வேறு இன்ஜின் மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்றுங்கள்; மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. எஃப்.சி.யில் மாட்டினால் வண்டி நிற்கும்.

கடைசியாக, "வாங்கிட்டு லைனர் மாத்திக்கலாம்" என்பவரிடம் உஷார். 5.9-இல் லைனர் (கழற்றி மாற்றும் சிலிண்டர் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே போர். அரை மில்லி, ஒரு மில்லி என்று இரண்டு முறை ரீபோர் போடலாம், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்கலாம். அதன்பின் உள்ளே குழாய் செருகி ஸ்லீவ் அடிக்க வேண்டியதுதான். ஹெட் கழற்றியிருந்தால் ஏற்கெனவே ரீபோர் ஆனதா என்று பிஸ்டன் தலையில் குத்தியிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.