காட்டுப்பன்றித் தொல்லையா? முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

குச்சிக்கிழங்குக் காட்டை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும், வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக நாட்டுத் துப்பாக்கிக்காரரைத் தேடிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் காட்டுப்பன்றியைச் சுடுவதென்றால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் சுட வேண்டும்.

எல்லாமே உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து (அரசு அறிவித்த வனம்) எவ்வளவு தூரம் என்பதில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள், 3 தாண்டினால்தான் சுடும் பேச்சே. வாழப்பாடிப் பக்கம் சமவெளியில் மக்காச்சோளம் போட்டவருக்கு வழியிருக்கலாம். ஏற்காடு அடிவாரத்தில், கரட்டை ஒட்டியே பட்டா வைத்திருப்பவர் மனு மேல் மனு போட்டாலும் நடக்காது. எல்லைக்கல் எது என்று வனக்காவலரிடம் கேட்டு அங்கிருந்து அளந்து பாருங்கள், ஊர்க்காரர் கைகாட்டும் இடத்திலிருந்து அல்ல.

தூரம் சரியாக வந்தால் விஏஓ, வனத்துறை ஆள், ஊராட்சித் தரப்பு என்று ஊரளவில் இருக்கும் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். சிட்டா, அடங்கல் நகல், சேதத்தின் படம், முடிந்தால் ஈர மண்ணில் பதிந்த குளம்புத் தடத்தின் படம். இழப்பீட்டு மனுவையும் கையோடு கொடுத்துவிடுங்கள். சுட்ட பன்றியை வனத்துறையே அப்புறப்படுத்திவிடும், கறியில் பங்கு கேட்டு நிற்காதீர்கள், அது வழக்கில் போய் நிற்கும்.

அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), சுருக்குக் கம்பி, வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். அவுட்டுக்காயை மாடும் கடிக்கும், கம்பியில் சிறுத்தையும் மாட்டும், மின்வேலியில் விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரும் சாவார்.

சரி, 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர் என்ன செய்வது? சோலார் வேலிதான், 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துகொண்டு. யானைக்குப் போடுவது போல் உயரத்தில் கம்பி இழுத்துப் பயனில்லை, பன்றி மூக்கை மண்ணோடு வைத்து அடியில் நுழைகிற ஜாதி, முதல் கம்பி தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். மழைக்குப் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் ஷாக் குறைந்துவிடும், அப்போது அடிக்கடி செதுக்கிவிடுங்கள்.