ஏர் ரைபிளில் ஸ்கோப் பொருத்தி 25 மீட்டருக்கு ஸீரோ செய்யும் முறை

25 மீட்டரில் உள்ள காகித இலக்கில் குண்டுகள் ஒரே இடத்தில் விழ வேண்டுமானால், உருப்பெருக்கம் அதிகமான ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தேடுவதைவிட, கையில் இருப்பதை அசையாமலும் சாயாமலும் பொருத்துவதில் நேரம் செலவிடுவது மேல். குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைப்பதே ஸீரோ செய்வது. இங்கே விளக்கப்படுவது, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் .177 (4.5 மி.மீ.) ஏர் ரைபிளுக்கான முறை. 2016 ஆயுத விதிகளின்படி, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. வெடிமருந்துத் துப்பாக்கியை உரிமமின்றி வீட்டில் செய்வதும் மாற்றியமைப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், அது இங்கே பேச்சில் இல்லை.

ஸ்கோப்பை வாங்கும்போதே இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னோக்கி உதைத்து, பிஸ்டன் முனையில் முட்டியதும் முன்னோக்கியும் உதைக்கும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்ட ஸ்கோப் இந்த இரட்டை உதையில் உள்ளே உடைந்துபோகக்கூடும். ஆகவே ஏர் ரைபிளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அடுத்தது, 10 மீட்டர் வரை தொலைவைக் குறைத்து அமைக்கும் வளையம். அந்த வசதியில்லாத பெரிய ரைபிள் ஸ்கோப்புகளில் பல சுமார் 90 மீட்டருக்கு நிலைப்படுத்தப்பட்டவை; அவற்றின் வழியே அண்மை இலக்கைப் பார்த்துத் தலையைச் சற்று அசைத்தால், குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

துப்பாக்கியில் பெல்லட் (சிறு ஈயக்குண்டு) இல்லை என்பதை உறுதி செய்த பிறகே பொருத்தும் வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்கோப்பைத் தாங்கும் மௌண்ட்டின் அடிப்பகுதியைத் துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. பள்ளத்தில் வைத்து, தடுப்பு ஊசி இருந்தால் அதைத் துளையில் இறக்கி, முதலில் அடித்திருகுகளை இறுக்குங்கள். வளையங்களுக்குள் ஸ்கோப்பைத் தளர்வாக வைத்து, வழக்கமாகத் தலை சாய்க்கும் நிலையில் முழு வட்டமும் கருநிழலின்றித் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்; கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே பெரும்பாலும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரும்.

சாய்வைச் சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். அதைப் பத்து மீட்டருக்கு அப்பால் தொங்கவிட்டு, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தபடி, செங்குத்துக் கோடு நூலோடு ஒன்றும்படி ஸ்கோப்பைத் திருப்புங்கள். இங்கே சிறு சாய்வு இருந்தாலும், தொலைவு மாறும்போது குண்டு பக்கவாட்டில் விலகும். பிறகு மேல்வளையத் திருகுகளை மூலைக்கு மூலை, கால்சுற்றுக் கால்சுற்றாக இறுக்கி, இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

சுடுமிடத்தைத் தேர்வதில்தான் நம் ஊர்ப்பக்கம் கூடுதல் கவனம் தேவை. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேலிக்கு நட்ட கல்தூணும், நிலத்தின் நடுவே எழும் பாறையும் எங்கும் உண்டு. பெல்லட் கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இலக்கின் பின்னால் பழந்துணி திணித்த மரப்பெட்டியும், அதற்கும் பின்னால் மணல் மூட்டைகளும் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்க வேண்டாம். மாந்தோப்பில் வந்து மேயும் மயிலையோ மற்றப் பறவைகளையோ குறிவைப்பது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில், விளையாட்டு ஆகாது. சுமார் அரை கிராம் எடையுள்ள பெல்லட்டை ஆடிக்காற்று எளிதாகத் தள்ளிவிடும் என்பதால், காற்று எழும் முன் விடியலிலேயே சுடுவது நல்லது.

முதலில் 10 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் திருப்புபவருக்கு ஸீரோ கிடைப்பது அரிது. துப்பாக்கியின் முன்கட்டையைக் கெட்டியான மேசையில் ஊன்றாமல், விரித்த உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்த வேண்டும். பிடியின் இறுக்கம் மாறினால் ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு விழும் இடமும் மாறும். ஸ்கோப்பின் திருகில் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள ஒரு கிளிக், 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ., 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. நகர்த்தும். ஆகவே 25 மீட்டரில் குண்டுகள் 36 மி.மீ. தாழ விழுந்தால், மேல்திருகை "மேல்" என்று குறித்த திசையில் 20 கிளிக் திருப்ப வேண்டும். ஸ்கோப் குழலைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், 25 மீட்டருக்குச் சரியாக அமைத்த துப்பாக்கி மிக அண்மையில் தாழவே சுடும். அதைக் கண்டு மறுபடி திருகைத் தொடாதீர்கள்.

திருகு முழுதும் ஓடித் தீர்ந்தும் குண்டு தாழ்ந்தே விழுந்தால், பழைய கேமரா பிலிமின் துண்டொன்றைப் பின்வளையத்தின் அடியில் வைத்து ஸ்கோப்பைச் சற்றே உயர்த்தலாம். அப்படியும் குண்டுகள் சிதறினால், ஸ்கோப்பைக் குறைசொல்லும் முன் வேறொரு பெல்லட்டைச் சோதியுங்கள், ஏனெனில் ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் பெல்லட் வேறு. பெல்லட் இல்லாமல் விசையை அழுத்துவது பிஸ்டனைக் கெடுக்கும். ஈயம் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம். தொப்பூர் கணவாய் வழியே வண்டியில் கொண்டுபோய் வந்தால், மறுமுறை சுடும் முன் அடித்திருகுகளை ஆலன் கீயால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து குண்டுகளில் ஸீரோவைச் சரிபாருங்கள்.