நன்னீர்தானே என்று இறங்காதீர்கள்: டார்வின் பக்கத்து ஊற்றுகளில் செய்யக்கூடாத தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் சிட்னி, மெல்பர்ன் குளிர் தாங்காமல் நம் சொந்தபந்தம் எல்லாம் வடக்கே டார்வினுக்குக் கிளம்பி வந்துவிடும். வந்ததும் கேட்பது, "ஊற்றில் குளிக்கலாமா, முதலை இருக்குமா?" இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். டார்வினுக்குத் தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற மட்டரங்கா ஊரில் நிலத்தடியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடி லிட்டர் தண்ணீர் 34 டிகிரி இளஞ்சூட்டில் பொங்கி வருகிறது. அதில் குளிக்காமல் திரும்புவது பாவம். ஆனால் இறங்குவதற்கு முன் ஒன்றிரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். இங்கே நன்னீர் முதலை, உவர்நீர் முதலை என்று இரண்டு இனம். பெயரைக் கேட்டுவிட்டு, உவர்நீர் முதலை கடலோரத்தில்தான் இருக்கும், ஊற்றுக்கு ஏன் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆற்றில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டுக்கு வரும், நல்ல தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் வாழும். அந்தமானிலும் இலங்கையிலும் இருக்கிற அதே இனம்தான். ஆண் முதலை 5 மீட்டரைத் தாண்டும். வேட்டையாடித் தீர்த்ததில் சில ஆயிரங்களாகக் குறைந்துபோய், 1971இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தபின் டார்வின் இருக்கிற இந்த வட பிரதேசத்தில் (Northern Territory) மட்டும் இன்று சுமார் ஒரு லட்சம் இருக்கின்றன. நன்னீர் முதலை ஒல்லி மூக்கு, 3 மீட்டருக்குள் அடங்கும், சீண்டாதவரை ஒதுங்கிப் போகும். சீண்டினால் அதுவும் கடிக்கும்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, "போன வருஷம் இங்கேதான் குளித்தோம்" என்பது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறும் குட்டையும் ஓடையும் ஒன்றாகி வெள்ளக்காடாகக் கிடக்கும்போது முதலை எங்கு வேண்டுமானாலும் நீந்திப் போய்விடும். வெள்ளம் வடியும்போது ஏதோ ஒரு மடுவில் தங்கிவிடும். அதனால்தான் மழை முடிந்ததும் பூங்கா ரேஞ்சர்கள் இரவில் விளக்கடித்துக் கண் மின்னுகிறதா என்று தேடுகிறார்கள், கூண்டுப்பொறி வைக்கிறார்கள். ஃபோம் மிதவைகளைக் கட்டிவிட்டு, பல் பதிந்த தடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதெல்லாம் திருப்தியாக முடிந்தால்தான் திறப்பார்கள். திறக்கும் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷத்து ஃபோட்டோவை நம்பாமல், கிளம்புகிற அன்று காலையில் அரசுப் பூங்காக்களின் இணையதளத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்திருந்தாலும் கண் திறந்தே இருக்கட்டும். 2023 ஜூலையில், மழையில்லாத வறண்ட காலத்தில், குளிக்க அனுமதி இருந்த லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவின் வாங்கி அருவியில் 67 வயதுக்காரர் ஒருவரை 2.4 மீட்டர் உவர்நீர் முதலை கடித்துவிட்டது. நல்லவேளை, அவர் பிழைத்தார்.

அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்புவது இன்னொரு தவறு. 2002இல் ககாடு தேசியப் பூங்காவில் ஒரு சுற்றுலாக் குழு, வழிகாட்டி சரி என்று சொன்னதை நம்பி, ராத்திரியில் ஒரு குட்டையில் இறங்கியது. 23 வயது ஜெர்மன் பெண் உயிரோடு திரும்பவில்லை. இருட்டினால் எந்த ஊற்றிலும் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதையும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஞாபகார்த்தம் என்று பலகையைக் கழற்றிக்கொண்டு போகிற புண்ணியவான்களும் உண்டு!

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்பார்கள். முதலை ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட மூச்சடக்கி அடியில் கிடக்கும், வேருக்கும் நிழலுக்கும் நடுவில் கட்டையோடு கட்டையாக. மட்டரங்கா பக்கத்து பிட்டர் ஸ்ப்ரிங்ஸ் ஊற்றில் நூடுல் மிதவையைக் கட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு போவது தனி சுகம்தான். ஏணி வந்ததும் ஏறிவிடுங்கள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போக வேண்டாம்.

குளிக்காதவர்களும் கரையில் தவறு செய்கிறார்கள். குளிக்க அனுமதி இல்லாத ஆற்றோரமாக இருந்தால் தண்ணீரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கூடாரத்தை 50 மீட்டர் தள்ளிப் போடுங்கள். மீன் கழுவிய கழிவையும் மிச்சச் சோற்றையும் கரையில் கொட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் மொள்ளப் போகாதீர்கள். நம் பழக்கத்தை முதலை பொறுமையாகக் கவனித்து வைத்துக்கொள்ளும்.

சரி, வந்த நேரம் ஊற்று மூடியிருந்தால்? டார்வின் வாட்டர்ஃப்ரண்டில் செயற்கை அலைக்குளம் இருக்கிறது. டிக்கெட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு ஊற்றைவிட அதுதான் பிடித்திருக்கிறது.