புதுமுக மாணவரையும் குடும்பத்தையும் கல்லூரியில் வரவேற்பது எப்படி: முதல் நாள் செய்முறை

வரவேற்புக் குழுவில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பல ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்வதென்றால், அன்று மாணவரைவிட அதிகம் தடுமாறுபவர்கள் உடன் வரும் பெற்றோரே. அவர்களில் பலர் ஒரு கல்லூரி வாசலை மிதிப்பதே அன்றுதான். ஆகவே ஏற்பாடுகளை அவர்களை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

படி 1: நடந்து பாருங்கள்

ஒரு வாரம் முன்னதாக, வழி தெரியாதவரைப் போலப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அரங்கம் வரை நடந்து, பாதை பிரியும் இடங்களிலெல்லாம் அம்புக்குறிப் பலகை வையுங்கள். 'நிர்வாகக் கட்டடம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'சான்றிதழ் சரிபார்க்கும் இடம்', 'குடிநீர்', 'கழிப்பறை' என்று எழுதுங்கள். காட்பாடியையும் பாகாயத்தையும் இணைக்கும் 1, 2 எண் பேருந்துகள் உங்கள் கல்லூரி வழியே சென்றால், எங்கே இறங்க வேண்டும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

படி 2: வாசலில் நிற்பவர்கள்

கத்திரி முடிந்தாலும் வேலூர் வெயில் முடிவதில்லை என்பதால் வாசலை ஒட்டிச் சாமியானா, நாற்காலிகள், தண்ணீர் ஆகியவை காலை எட்டு மணிக்கே தயாராக இருக்க வேண்டும். 'யாரைப் பார்க்கணும்?' என்ற காவலாளியின் கேள்வி, நாலு மணிக்கே எழுந்து கிளம்பி வந்தவரை இரண்டடி பின்வாங்கச் செய்துவிடும். 'வாங்கம்மா, உட்காருங்க, எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?' என்று கேட்கும் மாணவர் இருவரை அங்கே நிறுத்துங்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து உருது பேசும் குடும்பங்களும், ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து தெலுங்கு பேசுபவர்களும் வருவார்கள்; அந்த மொழிகள் தெரிந்த மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள்.

படி 3: சான்றிதழ் மேசை

நாளின் பெரும்பகுதி இங்கேதான் கழியும். மஞ்சப்பைக்குள் ஒரு பாலிதீன் உறை, அதற்குள் செய்தித்தாளில் மடித்த மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்ட பிறகே அவற்றை வெளியே எடுத்த ஒரு தந்தையை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை கவனத்துடன் கொண்டுவரப்பட்டதை மேசைமேல் வீசாதீர்கள். அசல்களைச் சரிபார்த்து அவர்கள் கண்ணெதிரே திருப்பிக் கொடுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டால் அதற்கு ரசீது கொடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றை அருகிலேயே வைத்தால், ஒரு நகலுக்காகக் கடைத்தெரு வரை ஓடும் நிலை ஏற்படாது.

உதவித்தொகைக்குத் தனி மேசை போடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பணம் மாணவரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும் என்பதையும், அதில் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் பிறகு அலைச்சல் குறையும்.

படி 4: கையெழுத்து முதலில், விழா பிறகு

ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியில் மாணவருடன் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் விழா மதியத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போயிற்று. பீஞ்சமந்தை மலையிலிருந்து வந்திருந்த ஒருவர் ஊருக்குப் பேருந்து போய்விடும் என்று இடையிலேயே கிளம்பிவிட்டார். கையெழுத்து விடுபட்டுப்போனதால், அதற்காகவே இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் மறுபடியும் வரவேண்டியிருந்தது. அந்தத் தவறு எங்களுடையது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டப்படி குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு என்பதையும், 1800-180-5522 என்ற உதவி எண்ணையும் உறுதிமொழித் தாளோடு அச்சிட்டுக் கொடுங்கள்.

படி 5: அரங்கில் ஊர்வாரியாக அமர்த்துதல்

விழா ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். உரைகள் இரண்டு போதும். பாடப்பிரிவு வாரியாக அமர்த்துவதே வழக்கம். நான் பரிந்துரைப்பது வேறு: குடியாத்தம், அணைக்கட்டு, ஆரணி, ஆற்காடு என்று பேருந்துத் தடத்தின்படி அமர்த்துங்கள். ஒரே தடத்தில் தினமும் வரப்போகும் இரு பெண்களின் அம்மாக்கள் அருகருகே அமர்ந்தால், பேச்சாளர் வாழ்த்தி முடிப்பதற்குள் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். நூறு பேர் கூடிய அரங்கில் கை தூக்கிக் கேள்வி கேட்க யாரும் துணிய மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தடத்தாரோடும் ஓர் ஆசிரியர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீர்கள், கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா, விடுதியில் செல்போன் உண்டா என்ற கேள்விகள் அப்போதுதான் வெளிவரும்.

படி 6: வழியனுப்புதல்

சாப்பாடு முடிந்ததும் வகுப்பறையையும் நூலகத்தையும் பெற்றோருக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு மூத்த மாணவர் குடும்பங்களோடு நிறுத்தம் வரை சென்று, மறுநாள் காலை எந்த நேரப் பேருந்தில் வர வேண்டும் என்பதைப் புதுமுக மாணவரின் கையிலுள்ள தாளில் எழுதிக் கொடுத்து, பேருந்து கிளம்பிய பிறகே திரும்ப வேண்டும்.