உடல் எடையும் மறதிநோயும்: காரணம் தேடும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, மிகப் பருமனானவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வரும் வாய்ப்பு, சரியான எடையுள்ளவர்களைவிட 29 விழுக்காடு குறைவு என்றும், எடை மிகக் குறைந்தவர்களுக்கு 34 விழுக்காடு அதிகம் என்றும் கண்டது. நடுவயதில் வரும் பருமன் மறதிநோய்க்கு வழிவகுக்கும் என்று அதற்கு முன்பே பல ஆய்வுகள் சொல்லியிருந்தன. இந்த முரண்பாட்டைப் பார்த்தவுடன் பருமன் மூளையைக் காக்கிறது என்று முடிவுகட்டுவதுதான், மக்களிடையே நோய்கள் எப்படி, ஏன் வருகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவியலில் நான் மிகவும் அஞ்சும் தவறு.

எழுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். வாசனை மங்கி, சாப்பாட்டில் நாட்டம் குறைந்து, சாப்பிட்டோமா இல்லையா என்பதே சில நாட்களில் நினைவில் நில்லாமல், இரண்டு ஆண்டுகளில் ஏழு கிலோ இளைத்துவிடுகிறார். அந்த நேரத்தில் ஆய்வுக் குழு அவரை எடை பார்த்து 'மெலிந்தவர்' என்று பதிகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து மறதிநோய் உறுதியாகும்போது, அட்டவணையில் மெலிவு முன்னால் நிற்கிறது, நோய் பின்னால் நிற்கிறது. உண்மையில் நோய்தான் முதலில் வந்தது. மூளையில் மாற்றங்கள் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகே நோய் கண்டறியப்படுவதால், ஐந்து அல்லது பத்து ஆண்டுக் கண்காணிப்புகூட இந்தத் தலைகீழ்த் தொடர்பை முழுமையாக விலக்கிவிடாது.

லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரைக் கொண்டு 1985இல் தொடங்கிய வைட்ஹால் 2 ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, 50 வயதில் பருமனாக இருந்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டது. 60, 70 வயதுப் பருமனுக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. நோயாளிகளின் எடையோ, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. ஆகவே எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அது எந்த வயதில் எடுத்த எடை என்று கேட்க வேண்டும்.

அடுத்த தவறு, கணினியில் கிடைக்கும் எல்லா மாறிகளையும், அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடும் தகவல்களையும், கணக்கில் சேர்த்து அவற்றின் தாக்கத்தை நீக்கிச் சரிசெய்துவிட்டால் முடிவு தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை. கல்வி, வருமானம், புகைப்பழக்கம் போன்றவை எடைக்கும் மூளை நலத்துக்கும் பொதுவான வேர்களாக இருக்கக்கூடியவை. அவற்றைச் சரிசெய்வது முறை. ஆனால் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் பருமனின் விளைவாக வருபவை, பருமன் மூளையைத் தாக்கும் பாதையிலேயே இருப்பவை. அவற்றையும் சரிசெய்துவிட்டு, பருமனுக்குப் பெரிய பங்கில்லை என்று எழுதுவது, ஆற்றை நடுவில் அணைகட்டி மறித்துவிட்டுக் கீழே தண்ணீர் வரவில்லை என்பதைப் போன்றது. எது வேர், எது வழி என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே படமாக வரைந்து தீர்மானிக்க வேண்டும். புள்ளியியல் மென்பொருள் அதைச் சொல்லித் தராது.

அளவீட்டிலும் கவனம் தேவை. முதுமையில் தசை கரைந்து கொழுப்பு கூடினாலும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) மாறாமல் இருக்கலாம் என்பதால், இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து அளப்பது நல்லது. அறிவாற்றல் தேர்விலோ சிக்கல் இன்னும் ஆழமானது. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லும்போது, பள்ளிக்கே போகாத ஒருவர் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிடலாம். அவருடைய குறைந்த மதிப்பெண் மூளையின் தேய்வைக் குறிக்கிறதா, கிடைக்காத கல்வியைக் குறிக்கிறதா என்பதை ஒரே ஒரு தேர்வு பிரித்துக் காட்டாது. அதே மனிதரைச் சில ஆண்டுகள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதித்து, அவருடைய பழைய நிலையோடு அவரையே ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஆய்வுக்கு வராதவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஐந்து லட்சம் பேரைக் கொண்ட யுகே பயோபேங்க் என்ற பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் திட்டம், சுமார் 92 லட்சம் பேரை அழைத்தது, வந்தவர்கள் 5.5 விழுக்காட்டினர் மட்டுமே, பொதுமக்களைவிடச் சராசரியில் நலமானவர்கள். தவிர, கடும் பருமனுடையவர்களில் பலர் மறதிநோய் வரும் வயதை எட்டும் முன்பே இதயநோயால் இறந்துவிடுகின்றனர். எஞ்சியிருப்பவர்களை மட்டும் பார்த்தால் பருமனின் தீங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

கடைசியாக, கேள்வியே தெளிவில்லாமல் இருப்பதும் ஒரு தவறு. எடை குறைந்தால் மறதிநோய் குறையுமா என்று பொதுவாகக் கேட்கிறோம். நடைப்பயிற்சியால் குறைந்த பத்து கிலோ, அறுவை சிகிச்சையால் குறைந்த பத்து கிலோ, புற்றுநோயால் குறைந்த பத்து கிலோ ஆகிய மூன்றும் தராசில் ஒன்றுதான், உடலுக்கு மூன்றும் வேறு. எந்த வயதில், எந்த வழியில், எவ்வளவு காலம் நீடித்த எடைக்குறைவு என்று சொல்லாத ஆய்வு மூன்றையும் ஒரே கணக்கில் கூட்டிவிடுகிறது. அதன் விடையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் எந்த நோயாளிக்கும் எதையும் பரிந்துரைக்க முடியாது.